கிழக்கு டிவிஷனுக்கு ஒரு பாஸ்

கச்சாலுக்குப் போக வேண்டும் என்று என் மாமியார் அமிர்தவல்லி ஒருநாளும் கேட்டதில்லை. நான் கல்யாணமாகி ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்தது 2010இல். லம்பா லைனில் இரண்டு அறை வீடு. அவருடைய ஒரே மகன் பிரவீன்குமார், என் கணவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அத்தை காலையில் மரைன் ஹில்லில் ஒரு டாக்டர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவார்; நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "கச்சால், கிழக்கு டிவிஷன்" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. மாமா சொக்கலிங்கம் சுனாமியில் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை.

அத்தையைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் நிறையத் தெரிந்துகொண்டேன். இலங்கையில் ரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இருபத்தோரு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் எட்டு மாதம் கிடந்து, மறுபடி சென்னையில் கப்பலேறிக் கச்சாலுக்கு வந்தார்கள். நிக்கோபார் தீவுகளில் அது ஒன்று. அங்கே காட்டைத் திருத்தி ரப்பர் போட்டிருந்தார்கள். பால் வெட்டத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அங்கேதான் சொக்கலிங்கத்தைக் கட்டிக்கொண்டார். பத்து வருஷம் ரப்பர்ப் பால் வெட்டினார். பிறகு பிள்ளைக்காம்பராவில் ஆயாவாகப் போட்டார்கள். தாய்மார்கள் விடியுமுன் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு அந்தத் தோட்டத்து ஜனங்கள் வைத்திருந்த பெயர் அது. அடுத்த இருபது வருஷம், தோட்டத்தின் கிழக்கு டிவிஷனில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் அவர் கையில்தான் வளர்ந்தது.

அப்படி வளர்ந்தவர்களில் ஒருத்தி ரூபா. நர்ஸ் படித்து, 2012 கடைசியில் கச்சால் ஆஸ்பத்திரிக்கே போஸ்டிங் வாங்கிப் போனாள். போன கையோடு போன் செய்தாள்.

"ஆயாம்மா, ஒரு தடவை வந்து பாருங்க. என் குவார்ட்டர்ஸ்லயே தங்கிக்கலாம்."

"அங்க என்னா இருக்கு புள்ள பாக்க? எல்லாந்தான் போயிருச்சே."

"பிள்ளைக்காம்பரா நிக்குது ஆயாம்மா. செவரு நாலும் நிக்குது."

அத்தை போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அரைமணி நேரம் ஒரே பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் வெளியே வந்து, "பாஸ் எடுக்க என்னென்ன பேப்பர் கேப்பாங்க?" என்றார்.

பழங்குடித் தீவு என்பதால் பாஸ் இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றார் பிரவீன். கேட்டுப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆகவே 2013 பிப்ரவரியில் அத்தையோடு நான் போனேன். கார் நிக்கோபார் தீவைத் தாண்டியதும் எனக்கு வாந்தி. அத்தை டெக்கில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கச்சால் கண்ணில் பட்டபோது, "தண்ணி ஏறியிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ரூபா ஒரு பைக் வைத்திருப்பவரை ஏற்பாடு செய்திருந்தாள். ஐசக் என்று பெயர். நிக்கோபாரி, நாற்பது வயதிருக்கும். கிழக்கு டிவிஷனுக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. சுனாமிக்குப் பிறகு அந்தக் கிராமத்தை மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாதை மூடிக் கிடப்பதால், கத்தியோடு அவர் முன்னால் போனால்தான் நடக்க முடியும் என்றாள் ரூபா. ஐசக் அத்தையைப் பைக்கில் பாதி தூரம் கொண்டுபோய் விட்டுவிட்டு, நடந்து வந்த எங்களுக்காக அங்கேயே காத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எங்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஆளில்லாத ஊர் என்றால் எனக்கு அதுதான்: வெயில், மணல், கூரையில்லாத சுவர். இங்கே அப்படி இல்லை. கடல் பக்கம் நிலமே ஆளுயரத்துக்குத் தாழ்ந்துபோயிருந்தது. ஃபுட்பால் கிரவுண்டு இருந்த இடத்தில் கடல் நின்றது. அதற்குள் மட்டையில்லாத தென்னைகள் வெறும் கம்பமாக நட்டுக்கொண்டு நின்றன. ஒரு சிமெண்ட் படி தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போனது. மேட்டுப் பக்கம் எல்லாவற்றையும் பச்சை விழுங்கியிருந்தது. ரப்பர் மரங்களில் பழைய வெட்டுத் தழும்புகள் தடித்து மூடிப்போயிருந்தன.

அத்தை அந்தத் தழும்புகளில் ஒன்றை விரலால் தடவினார். "இது கணபதி வெட்டு. ஆழமா எறக்கிப்புடுவான். கங்காணி கத்துவாரு." இரண்டு மரம் தள்ளி இன்னொன்றைக் காட்டி, "இது தங்கம்மா கை. பாரு, கோடு போட்ட மாதிரி" என்றார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அதன் பிறகு பேச்சு நிற்கவேயில்லை. மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்காத குரல் அது. தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் பாதிச் சுவர்கள்தான் மிச்சம். அத்தை ஒவ்வொன்றின் முன்னும் நின்று, உள்ளே ஆள் இருப்பதுபோல வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கும், யாருக்கும் யாருக்கும் குழாயடியில் சண்டை, தீபாவளிக்கு யார் ரேடியோ சத்தமாக வைப்பார்கள் என்றெல்லாம். தன் வீட்டு வாசலில் மட்டும் அவர் நிற்கவில்லை. "இது நம்மளது" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்.

பிள்ளைக்காம்பரா ரூபா சொன்னபடியே நின்றது. கூரைத் தகரம் போயிருந்தது. நடுவில் குறுக்கே ஒரு இரும்புக் குழாய்; அதில் தொட்டில் கட்டும் வளையங்கள், துருப்பிடித்து. பன்னிரண்டு இருந்தன. அத்தை அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரூபா, ஒன்னோடது சன்னலோரம். காத்து இல்லாட்டி கத்துவ. பக்கத்துல முருகானந்தம். அவென் ஒந் தொட்டிலக் காலால ஒதைப்பான்."

"இப்ப அவென் சென்னைல பேங்க் மேனேஜர் ஆயாம்மா."

"இருக்கட்டும். ஒதைச்சான்ல?"

நாங்கள் சிரித்தோம். அத்தையும் சிரித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, கொண்டுபோன இட்லியைப் பிரித்தோம். அப்போதுதான் காட்டுக்குள் செடி முறியும் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து மாடுகள். சிவப்பும் வெள்ளையுமாக, மெலிந்து, கொம்பு சீவாமல். எங்களைப் பார்த்து ஓடத் தயாராக நின்றன.

அத்தை எழுந்தார். "இது யாரு மாடு?"

ஐசக் கத்தியைத் தரையில் வைத்தார். பிறகு இந்தியில், மெதுவாக, "உங்க மாடுதான், ஆயாஜி" என்றார். "பிள்ளைங்களுக்குப் பால் குடுத்த நாலு மாடு. அதோட கன்னு, கன்னோட கன்னு. சொக்கா பாய் அவுத்து விட்டது."

அத்தைக்குப் புரியவில்லை. எனக்கும்தான். சொக்கா பாய் என்றது மாமாவை; அவர் பால்வெட்டுத் தொழிலாளி. கூடவே பிள்ளைக்காம்பராவின் நாலு மாடுகளையும் பார்த்துக்கொண்டவர் என்று ரூபா என் காதில் சொன்னாள். மாட்டுக்கொட்டகை கீழே, ஜெட்டி ஓரம் இருந்ததாம்.

"அவரு கொட்டாய்லயே போயிட்டாருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்றார் அத்தை. "பால் கறந்துக்கிட்டிருக்கையில."

"இல்லை ஆயாஜி. பூமி ஆடினதும் அவர் பால் கேனைத் தூக்கிக்கிட்டு மேலே வந்துட்டார். நாங்க ஏழெட்டுப் பேர் அந்தப் பலாமரத்துக்கிட்ட நின்னோம். அவரும் எங்ககூட நின்னார். கடல் உள்ளே வாங்கிப் போச்சு. கீழே மாடுங்க கத்த ஆரம்பிச்சுது. கேனை என் கையில குடுத்து, 'பகடோ, பிடிச்சுக்கோ, ரெண்டு மினிட்' அப்படின்னார். ரப்பர் வெட்டுற கத்தியை எடுத்துக்கிட்டு இறங்கினார். போகாதேன்னு எல்லாரும் கத்தினோம். நாலு மாடும் எங்களைத் தாண்டி மேலே ஓடுச்சு. கன்னுக்குட்டி ஒண்ணு சங்கிலியில இருந்திருக்கு. சங்கிலியைக் கத்தியால அறுக்க முடியுமா?" ஐசக் கீழே கடலைக் காட்டினார். "அப்புறம் தண்ணி வந்துடுச்சு."

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று ரூபா கோபமாகக் கேட்டாள். ஐசக் சொன்னார்: உங்களையெல்லாம் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எங்களை மேட்டுக் கேம்புக்கு. திரும்பி வந்தவர்களிடம் கேட்டேன், ஆயாஜி வரவில்லை என்றார்கள்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்பட்டார். கடல் பக்கம் திரும்பி, நிஜமாகவே கையை நீட்டித் திட்டினார்.

"கூறுகெட்ட மனுசா! மேல வந்தவன் நிக்க வேண்டியதுதான? மாட்டுக்காகவா எறங்குன? நா ஒருத்தி மேல நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா ஒனக்கு? நானு அனுப்புனதால போயிட்டன்னு எட்டு வருசம் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேனே!"

அப்புறம்தான் உட்கார்ந்தார். சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்காம்பரா லீவு. கன்று குடித்துவிட்டுப் போகட்டும், இன்றைக்குக் கறக்க வேண்டாம் என்று மாமா படுத்திருந்தாராம். விரட்டி எழுப்பி அனுப்பியது அத்தைதான். அதை எங்களுக்குச் சொன்னபோதுதான் அழுதார். ரூபா அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அத்தை கேட்டார்: "அந்தக் கேனு என்னாச்சு?"

"மூணு நாள் காட்டுல இருந்தோம் ஆயாஜி. முதல் நாள் அந்தப் பாலைத்தான் குழந்தைங்களுக்குக் குடுத்தோம். என் தங்கச்சி பிள்ளைக்கு அப்ப ஆறு மாசம். இப்ப ஸ்கூல் போகுது."

திரும்புமுன் அத்தை மாடுகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். நாக்கைச் சொடுக்கி, "லச்சுமீ... ஏ லச்சுமீ" என்று. ஒன்றுகூட வரவில்லை. ஒரு கிடாரி தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு எல்லாமே காட்டுக்குள் ஓடிவிட்டன. "போகட்டும், மனுசவாடையே தெரியாதுல்ல" என்றார். இந்த முறை தன் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே போய் அடுப்பு இருந்த மூலையைப் பார்த்துவிட்டு வந்தார்.

கப்பல் ஐந்து நாள் கழித்துத்தான் வந்தது. அத்தனை நாளும் ரூபாவின் குவார்ட்டர்ஸில் ஒரே கதை. ஐசக்கின் தங்கை தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அத்தை அவனை மேலும் கீழும் பார்த்து, "ஒடம்பு புடிக்கலையே, என்னா குடுக்குற?" என்று அவளை அதட்டினார்.

லம்பா லைனுக்கு வந்த அன்று, பிரவீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்பாவ நீயா அனுப்புன?" என்றார்.

"நாந்தான்."

"எதுக்கு அனுப்புன?"

அத்தை அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். பிரவீனே சொன்னார். "நாந்தானம்மா கேட்டேன். போர்ட் பிளேர்ல பவுடர் பால்ல டீ குடிச்சு நாக்கு செத்துப்போச்சு, காலைல நம்ம மாட்டுப் பால்ல டீ போடுன்னேன். லீவுக்கு வந்த மொத நாளு. நெனைப்பிருக்கா?"

"நெனைப்பிருக்கு. அதான் சொல்லல."

ஒரே வீட்டில், எட்டு வருஷமாக, இவருக்காக அவரும் அவருக்காக இவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மாவும் மகனும் பேசட்டும் என்று நினைத்தேன். பேசினார்கள். வாசல் விளக்கை யாரும் போடவில்லை, நானும் போடவில்லை.

அடுத்த வருஷம் பிரவீன் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தானே கூட்டிக்கொண்டு போனார். கச்சாலில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. நாலாம் நாள் ஜெட்டியிலிருந்து போன் வந்தது. பின்னால் அத்தையின் குரல் உரக்கக் கேட்டது.

"என்னங்க, அங்க என்ன சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சுதா. சின்ன வயசுல நா எந்த மரத்துல இருந்து விழுந்து கைய ஒடச்சேன்னு சண்டை. நா பலாமரங்குறேன். இவங்க கொய்யாங்குறாங்க. நாளைக்கு மறுபடி மேல போய்ப் பாக்கப் போறோம். கப்பலு வியாழக்கெழமதான்."