அக்காவின் பிரெஞ்சுப் பாட்டு

கிணற்றடிக் கல்லில் ஈரத்துணி விழும் "தொப், தொப்" சத்தத்தைத் தாளமாக வைத்துக்கொண்டு ராஜம் அக்கா பிரெஞ்சு வினைச்சொற்களைப் பாடுவாள். எழுபதுகளில், மலையாள தேசத்தில் நாங்கள் இருந்த ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில், காலை வேளையில் அப்படியொரு பாட்டு எங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்டிருக்கும். மலையாளம் எழுதத் தடுமாறியதால் பள்ளி முடித்துச் சேர்ந்த பிரீடிகிரி வகுப்பில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சை எடுத்திருந்தாள். போனான், வந்தாள், பிறந்தான், இறந்தாள் என்று இறந்தகாலத்தில் தனி வழியில் போகும் வினைகளையெல்லாம் கல்லூரியில் பிரெஞ்சு நடத்திய மரியம்மா டீச்சர், படகு வலிப்பவர்கள் பாடும் ஒரு வள்ளப்பாட்டு மெட்டில் கோத்துக் கொடுத்திருந்தார். பெண்ணைச் சொல்லும்போது கடைசியில் ஓர் எழுத்து சேருமாம். "பேசறச்சே அது காதுல விழாதுடி, பாடினாத்தான் விழும்" என்று தங்கை என்னிடம் சொல்லி, அதை நீட்டி இழுப்பாள். ஆரியசாலையில் மொத்தக்கடை ஒன்றில் கணக்கெழுதிவிட்டு, சட்டையெல்லாம் மிளகாய் நெடியோடு வரும் அப்பாகூட, "என்ன பாஷையோ, கேக்க நன்னாத்தான் இருக்கு" என்பார். மேலே படித்துத் தானும் பிரெஞ்சு டீச்சராவது என்று அக்கா தீர்மானித்திருந்தாள், அப்பாவும் தலையாட்டியிருந்தார்.

ஆண்டுத் தேர்வில் ஒரு வினையின் முடிவு மறந்துபோக, அக்கா தன்னையறியாமல் மெட்டை முணுமுணுத்தாள். அதே பாட்டில் படித்த பக்கத்துப் பெண் அதைக் கேட்டதும் சட்டென்று எழுதத் தொடங்க, மேற்பார்வைக்கு வந்த வெளியூர் ஆசிரியர், விடை சொல்லிக்கொடுக்கிறாள் என்று அக்காவின் தாளைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் அப்பாவும் அக்காவும் பிரின்சிபல் அறையில் நின்றார்கள். நடந்ததை அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். "சாரே, இது காப்பியடி அல்ல, ஞான் படிப்பிச்ச பாட்டாணு" என்று, தான் சொல்லிக்கொடுத்த பாட்டுதான் அது என மரியம்மா டீச்சர் மன்றாடினாராம். "எங்கில் ஒன்னு பாடட்டே" என்று பிரின்சிபல் பாடிக்காட்டச் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் ஆண்கள் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்திருக்க, அக்கா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. "பாடுடி, ராஜம்" என்று அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சிப் பார்த்தறியாத அவளுக்கு, மிச்சமிருந்த குரலும் அதோடு அடைத்துக்கொண்டது.

இனி தேர்வெழுத முடியாதபடி தடை போட்டார்கள். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல், "மதி. இனிமே காலேஜ் வேண்டாம்" என்றார், போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். சித்திரையில் அக்காவைத் தென்காசியில் கட்டிக்கொடுத்தார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா இந்தி எடுக்கச் சொன்னார். இந்தியே எடுத்தேன்.

அதன்பின் அக்கா பாடிக் கேட்டவர் இல்லை. குழந்தைகளைத் தட்டித்தட்டியே தூங்கவைத்தாள். கொலுவுக்குப் போன வீடுகளில் பாடச் சொன்னால், சுண்டலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

போன மாதம் அக்கா போய்விட்டாள். காரியங்கள் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, "உங்கம்மா பாடினா தெருவுக்கே கேக்கும்" என்று என் வாயில் வந்துவிட்டது. அவள் மகள் அழுகையை நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அம்மாவுக்குப் பாடத் தெரியுமா, சித்தி?"

எங்கள் வீடிருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. மரியம்மா டீச்சர் இல்லை, அப்பா இல்லை. எங்கள் வீட்டில் அந்தக் குரலைக் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். எனக்கோ ஒரு வரிகூடப் பாட வராது.