மாலைச் செபத்தில் தளர்ந்த குரல்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி தம்பி கேட்டார். நல்லதுதான் எழுதுகிறேன். ஆனால் அக்கா மேல் எனக்கு இருக்கும் கோபத்தை மறைத்து எழுத என்னால் முடியாது.

வத்தேகமவுக்கு அருகே தோட்டத் தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றில் மூத்த மகளாகப் பிறந்தவர். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்ச் சேர, கண்டியில் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குப் போய் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். தனக்கென்று ஒரு கல்யாணத்தை நினைத்தும் பார்க்கவில்லை. எவ்வளவு களைத்து பஸ்ஸை விட்டு இறங்கினாலும் மாலையில் செபமாலையை முன்னின்று சொல்வது அவர்தான். பக்கத்து வீட்டாரும் வந்து கூடுவார்கள். அவர் தொடங்க, நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிப்போம்.

அந்தச் செபத்தில்தான் நோய் வெளியே தெரிந்தது. தொடக்கத்தில் கணீரென்று இருக்கும் குரல், போகப் போக மூக்கால் பேசுவதுபோல் மாறி, முடிவில் காற்றாகிவிடும். விடிந்தால் பழைய குரல் வந்துவிடும். கிளினிக்கோ காலையில். அங்கே அக்கா தெளிவாகப் பேசுவார். வெறும் களைப்பு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் பொரிந்து தள்ளினேன். "காலையில பார்த்தா ஒன்னும் தெரியாது டொக்டர். செபம் சொல்லச் சொல்லிக் கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே சொல்ல வைத்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. பிறகு இரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்றார். நரம்பு இடும் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்.

"இமை சரிஞ்சா, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா கிளினிக்குல சொல்லுங்க. குரல் கெட்டா, விழுங்க முடியாட்டி அன்னைக்கே வாங்க. மூச்சு வாங்கினா இருந்த இடத்தில இருந்து ஓடி வாங்க" என்று விளக்கினார். ஒரு மாத்திரை சில மணி நேரம் தசைக்குத் தெம்பு தரும். ஸ்டீரொயிட் மாத்திரை நோயையே அடக்கும். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பியை அகற்றினால் நாளடைவில் குணம் தெரியலாம், உடம்பு தேறியிருக்கும்போதே செய்வது நல்லது என்றார். ஸ்டீரொயிட்டால் அக்காவின் முகம் வீங்கியது. பார்க்க வந்தவர்களோ, "நல்லா பூசினாப்புல இருக்கீங்க" என்று மகிழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுவைச் சிகிச்சையை அக்கா தள்ளிப்போட்டார். "தம்பி கல்யாணம் முடியட்டும்டி. அம்மா இடத்துல நான் நிக்காம வேற யாரு நிப்பா?"

சில நாளில் செபமாலையை என் கையில் வைத்து, "இனிமே நீ சொல்லு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் சேர்ந்து பதில் சொல்லும்போது ஒருவருடைய குரல் குறைவது யாருக்குத் தெரியும்? குரல் கெட்டது தெரிந்தால் வார்டில் சேர்த்துவிடுவோம், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் மட்டும் சொல்லி, சத்தியம் வாங்கியிருக்கிறார். எனக்குத் தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. என் கோபம் அதற்குத்தான்.

ஒரு சளிக் காய்ச்சல் போதுமாக இருந்தது. மூச்சுத் திணறத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொண்டையில் குழாய் வைத்து இயந்திரத்தில் போட்டார்கள். இரத்தத்திலிருந்து நோய் செய்யும் பொருளை வடித்தெடுக்கும் சிகிச்சையும் கொடுத்தார்கள். அதற்குள் நெஞ்சில் கிருமி இறங்கிவிட்டது.

அக்காவைத் தூக்கிச் சென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், இரவு பகல் பாராத மருத்துவர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், எங்களுக்குச் சோறு கொண்டு வந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. சத்தியத்தைக் காப்பாற்றிய பக்கத்து வீட்டு அம்மாவோடும் எனக்கு இப்போது மனத்தாங்கல் இல்லை.

பெயர் தெரியாத ஒரு தாதிக்கும் நன்றி சொல்ல வேண்டும். கண் மூடி அசையாமல் கிடந்த அக்காவின் கட்டிலருகே நின்று உறவினர் ஒருவர், "இனி ஒன்னுமில்ல, பெட்டிக்குச் சொல்லிருவோம்" என்றார். அந்தத் தாதி பதறிப்போய், "அப்பிடி பேச வேணாம். அவங்களுக்கு எல்லாம் கேக்குது, கண்ணு தொறக்கத்தான் ஏலாது" என்று சொல்லி, அக்காவின் இமைகளை விரலால் மெல்ல உயர்த்தினார்.

அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.