மூன்றாம் அடிக்குப் பின் ஓர் இருமல்

அரியலூர் வட்டாரத்தில் மாயவனுக்குப் பாம்புச் செவி என்று பேர். கல்யாணப் பந்தலில் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களும் கதறிக்கொண்டிருக்கும்போதே, "கெழக்கால கட்டுன கொழாயில ஒயரு லூசு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். அப்பனும் பாட்டனும் அடுத்தவர் வயலில் குனிந்தே காலம் தள்ளியவர்கள். இவன் சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்கி, பிறகு மைக் செட் கடை வைத்து, மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

மனைவி குஞ்சம்மாள் எல்லா விழாவுக்கும் கூடவே போவாள். டேப் ரெக்கார்டர் அவள் பொறுப்பு. மேடை ஓரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு தொடங்கியதும் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்குவாள். விழா நடத்தியவர்களுக்கு ஒரு கேசட் கொடுப்பது அவர்கள் கடை வழக்கம். இன்னொரு பிரதி கடையில் இருக்கும். புதுக் கேசட் கைவசம் இல்லாதபோது மாயவன் பழையதன் மேலேயே அடுத்ததைப் பதிந்துவிடுவான்.

1983இல் குஞ்சம்மாள் செத்துப்போனாள். இரண்டு வருடமாக இருமிக்கொண்டிருந்தாள். கேட்டால், "பனி ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல" என்பாள். மாயவனும் நம்பினான். ரத்தம் வந்ததைச் சேலைத் தலைப்பில் துடைத்து மறைத்திருக்கிறாள். திருச்சிக்குக் கொண்டுபோனபோது, ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். ஊர் ஒயரின் பழுதெல்லாம் கேட்ட காதுக்கு, பக்கத்தில் படுத்திருந்தவளின் நெஞ்சு கேட்கவில்லை. அந்த நினைப்பு அவனை அரித்துத் தின்றது.

காரியம் முடிந்த மறுநாள், கடையிலிருந்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அவளைத் தேடினான். ஒரு பேச்சு, ஒரு தும்மல், எதுவும் இல்லை. எல்லாவற்றின் மேலும் அவனே சினிமாப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தான்.

மூன்று வருடம் கழித்து, லெப்பைக்குடிக்காட்டிலிருந்து நஃபீசா ஆள் அனுப்பினாள். அவள் புருஷன் நிஜாமுதீன் மீலாது நபி விழா மேடைகளில் பாடியவர். மாயவன் மைக் கட்டினால்தான் பாடுவேன் என்று அடம்பிடித்தவர். துபாய்க்குப் போய் நான்கு வருடம். மாதம் தவறாமல் கேசட்டில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தவர், பதினான்கு மாதமாக வெறும் கடிதம்தான் எழுதுகிறார். இப்போது லீவில் வந்த அவர் அண்ணன் நஜீமுதீன் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். துபாயில் நடந்த விழாவில் தம்பி பாடிய படம்.

லுஹர் தொழுகை முடிந்த வெயில் நேரம். டிவிக்கும் வீடியோ டெக்குக்கும் முன்னால் மாயவன் உட்கார்ந்தான். நஃபீசா திரைக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"மாயவண்ணே, அவங்க நல்லா இருக்காங்கன்னு பெரிய மச்சான் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. நெசமாவே பாடுறாங்களா, இல்ல ஒட்டு வேலையான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும். பாடுறாங்கன்னா சும்மா இருந்துக்கறேன். இல்லேன்னா இன்னைக்கே தந்தி அடிச்சு வரச் சொல்லிடுவேன்."

"தந்தி என்னத்துக்கு? அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றார் நஜீமுதீன். சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

படம் ஓடியது. மைக்குக்கு முன்னால் நிஜாமுதீன். அந்த ஊர்ச் சூட்டிலும் கழுத்தில் மஃப்ளர். குரல் மேலே ஏறும்போது முகத்தைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பிக்கொள்வது அவர் பழக்கம். மைக் அலறாமல் இருக்க மாயவன் சொல்லிக்கொடுத்தது அது. இங்கே குரல் மட்டும் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. முகம் மைக்கை விட்டு இம்மி நகரவில்லை.

மூன்றாம் அடி முடிந்தது. அடுத்த அடிக்கு முன், டிவிக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். அடக்கப் பார்த்து, முடியாமல், இரண்டு தரம்.

மாயவன் டிவியை நெருங்கி நகர்ந்து உட்கார்ந்தான். ஆயிரம் பேர் இருமினாலும் அந்த இருமல் அவனுக்குத் தெரியும். 1982 மீலாது. இதே லெப்பைக்குடிக்காடு. மடியில் டேப் ரெக்கார்டர்.

"இன்னொரு தரம் போடுங்க பாய்" என்றான்.

போட்டார்கள். மறுபடியும் கேட்டான். ஐந்து தரம் ஓடியது. மனுஷன் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார் என்று நஃபீசா நினைத்தாள். பாவம், அவன் பார்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு அந்த இருமலுக்காகக் காத்திருந்தான்.

'பாடுறாருதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேசட் இந்த வீட்டிலேயே இருக்கும். இன்னொரு நாள் வந்து கேட்கலாம். பொய் என்று தெரிந்துவிட்டால் நஃபீசா அதை அடுப்பில் போட்டாலும் போடுவாள். ஆசை அவன் நாக்கு நுனிவரை வந்தது. ஆறாவது தரமும் அவள் இருமினாள். வேற ஒண்ணுமில்ல, வேற ஒண்ணுமில்ல என்று சொல்வது போலவே இருந்தது. மாயவன் எழுந்துவிட்டான்.

"பாடல தங்கச்சி. வாய்தான் அசையுது. தந்தி அடிங்க, இப்பவே அடிங்க."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"இது நாலு வருசத்துக்கு முந்தி இந்த ஊருல பதிஞ்ச கொரலு. நடுவுல இருமுறது எங்க வூட்டுக்காரி."

நஜீமுதீன் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தொண்டையில கட்டி. சொன்னா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்கன்னு பயந்தான். வூட்டுல சொல்லக்கூடாதுன்னு அல்லாஹ் மேல சத்தியம் வாங்கிட்டான். கேசட்டை ஓட வுட்டு வாயசைச்சான். நான்தான் ஏற்பாடு பண்ணேன்."

பத்தாம் நாள் நிஜாமுதீன் வந்து சேர்ந்தார். திருச்சியில் அறுத்துக் கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. நல்லவேளை வந்தார் என்றார் அங்கிருந்த டாக்டர். அதைக் கேட்டு மாயவன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான். யாருக்காக அழுதான் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் நிஜாமுதீன் பஸ் ஏறி அரியலூர்க் கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பழைய கேசட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். 1982 மீலாதில் பதிந்தது, துபாய்க்குப் போகும்போது கொண்டுபோனது. நஃபீசா அவரிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

மாயவன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்தான். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் இனி எவனும் எதையும் பதிய முடியாது. அவன்கூட முடியாது. பிறகு கேசட்டைப் போட்டான்.

பாட்டு எழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜாமுதீனின் உதடு தானாக அசையத் தொடங்கியது. முதல் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டு மாயவனின் கையைப் பிடித்தார்.

குஞ்சம்மாள் இருமினாள்.