பாதி ஊசி

அவசரப் பிரிவில் அவளுக்குப் பெயர் ஆதாரம் அக்கா. மருந்தறை அவள் பொறுப்பு. டாக்டரே வந்து நின்றாலும், "எந்த ஆய்வுல இருக்கு, காட்டுங்க" என்பாள். காலையில் தம்பிக்கு ஒரு கையால் ஊட்டிவிட்டுக்கொண்டே மறு கையில் கைபேசியைப் பிடித்து, புதிதாக வந்த மருந்து ஆய்வுகளைப் படிப்பாள். படிப்பில் அவ்வளவு ஆசை என்று ஊர் நினைத்தது. ஆசையாவது மண்ணாவது, வஞ்சம்.

பதினோரு வருடத்துக்கு முன் ஓர் ஆய்வைப் பிரிவின் தலைவரான பெரிய டாக்டரிடம் கொண்டுபோனாள். வலிப்புக்கு ஊசி போடும்போது பயந்து பயந்து பிரித்துப் போடக்கூடாது, முழு அளவையும் முதலிலேயே போட வேண்டும் என்றது அது. மூச்சு நின்றுவிடுமோ என்று பாதியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அங்கே அவர் கொண்டுவந்த வழக்கம். தாளை மேசைமேல் எறிந்து, "மாத்திரை எண்ற வேலையைப் பாரும்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த மாதமே அவள் தம்பியை வலிப்போடு தூக்கி வந்தார்கள். பாதி ஊசி போட்டுக் காத்திருந்தார்கள். பிறகு இன்னொரு பாதி. "முழுசா போடுங்க சார், உங்க கால்ல விழறேன்" என்று கெஞ்சினாள். மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வலிப்பு நின்றது, தம்பியின் பேச்சும் நடமாட்டமும் அதோடு போயின. வழக்கப்படிதான் எல்லாம் நடந்தது என்று எழுதி விசாரணையை மூடிவிட்டார்கள்.

தப்புதான் என்று அந்த வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள். புதன்கிழமைக் கூட்டத்தில் அவர் ஏதாவது பழைய அளவைச் சொன்னால் போதும், போன மாத ஆய்வை எடுத்து விரிப்பாள். அவர் மூக்குடைவதைப் பார்த்த இளம் டாக்டர்கள் குனிந்து சிரிப்பார்கள். அவளுக்கு அது தேனாக இனித்தது. மற்ற மருந்துகளிலெல்லாம் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார். வலிப்பு ஊசியில் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

போன திங்கட்கிழமை பகலில் அவர் தன் மகளைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பல் கிட்டி, உடம்பு தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தது. மருந்துக் குப்பியை எடுத்தவள் கை ஒரு கணம் நின்றது, பொய் சொல்வானேன். 'பாதிதானே சார்?' என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் அவரே கத்தினார்.

"முழு டோஸ். மொத்தமா ஏத்து."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். ஒரு சொட்டுக் குறையாமல் ஏற்றி நர்ஸிடம் கொடுத்தாள். இரண்டே நிமிடத்தில் வலிப்பு அடங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து, மகள் படுத்திருந்த அறைக்கு வெளியே அவர் எதிரில் போய் நின்றாள்.

"அந்த ஆய்வை எப்ப சார் படிச்சீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "நீ குடுத்த அன்னைக்கு சாயங்காலமே."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "அப்போ என் தம்பிக்கு ஏன் போடல?"

"நீ சொல்லி நான் கேட்டேன்னு ஆயிடும்ல. அந்த வீம்புதான்மா. தப்புதான்."

பாவி. பதினோரு வருடமாகப் பக்கம் பக்கமாகப் படித்து, தெரிந்தவனுக்கே தெரியவைக்கப் பாடுபட்டிருக்கிறாள்.

"என் காதுல மட்டும் சொன்னா பத்தாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"வேலை போயிடும்மா. பேரே போயிடும்."

"போகட்டும். என் தம்பி எந்திரிச்சு வந்து உங்களை மன்னிச்சா, நானும் மன்னிக்கிறேன்."

உள்ளேயிருந்து மகள் ஈனக்குரலில், "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் பதறி எழுந்தார். அவள் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"முதல்ல இது. அப்புறம் போய்ப் பாருங்க."

மகள் மறுபடியும் கூப்பிட்டாள். அவர் எழுதி முடிக்கிறவரை அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.