பேர் எழுதாத குருசு

கல்லறைக் குருசில் பேர் எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பேருக்குரியவர் வந்து குறை சொல்லமாட்டார். ஆனால் அவருடைய ஆட்கள் வருவார்கள், கூட்டமாக வருவார்கள். பெயின்டும் பிரஷ்ஷுமாகச் சீவிக்கிற சகோதரங்களே, உங்களுக்கு இது தெரியாததா?

நாட்டில் சண்டை முடிந்த பிறகு எங்கள் மாம்புரிப் பக்கம் புதுப்படகுகள் கூடின. நான் படகுகளுக்குப் பேர் எழுதத் தொடங்கினேன். அப்படியே சேமக்காலைக் கல்லறைகளில் நடுகிற குருசுகளும் என்னிடம் வந்து சேர்ந்தன. இன்றைக்கு எங்கள் ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் பாதிப்பேர் என் கையெழுத்துக்குக் கீழேதான் படுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு குருசில் மட்டும் எட்டு வருடமாக நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. அது என் மகளுடையது. இரண்டு மணித்தியாலம் உயிரோடு இருந்தாள். ஞானஸ்நானம் பெறாமலே போய்விட்டாள். பிள்ளை மோட்சத்தில் இருக்கிறதா, வாசலுக்கு வெளியே நிற்கிறதா என்று தெரியாமல் என்னத்தை எழுதுவது? இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் என் மனுசி விக்டோரியா கேட்பாள், "ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, எங்கட பிள்ளைக்கு எப்ப?" பெயின்ட் முடிந்துவிட்டது என்பேன்.

பாதி இளைப்பாற்றி

அந்தோனிப்பிள்ளை அண்ணர் முட்டு வருத்தக்காரர். நாலு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அவர் செத்தபோது குருசில் 'நித்திய இளைப்பாற்றி' என்று எழுதச் சொன்னார்கள். பலகை சின்னது. முதல் வரியில் 'நித்திய இளைப்' வரைக்கும்தான் இடம் இருந்தது. மேல்வரி காயட்டும், 'பாற்றி'யைப் பிறகு கீழே எழுதலாம் என்று சோறு தின்னப் போனேன். வந்து பார்த்தால் குருசைக் காணோம். மழை இருட்டிக்கொண்டு வருகிறதென்று தூக்கிக்கொண்டுபோய் நட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவருடைய மனைவி ரோசம்மா அக்கா என் வாசலில் நின்றா. ஏச வந்திருக்கிறா என்றுதான் நினைத்தேன். இல்லை. நான் எழுதியபடியே மோட்சத்திலும் நடந்துவிடும் என்று உண்மையாகவே பயந்துபோய் வந்திருந்தா. பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்கு ஓடினேன். வழி முழுக்க ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தா: "தம்பி, இருவது வருசம் நெஞ்சப் பிடிச்சிட்டு இளைச்ச மனுசன். அங்க போயும் இளைக்கட்டும் எண்டா எழுதி வச்சீங்க?"

தேத்தண்ணி குடிக்காமல் போனவர்

கற்பிட்டியில் ஒரு படகு ஆளில்லாமல் கரைக்கு வந்தது. ஒரு மாதம் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை. காணாமல் போனவருடைய அண்ணன் வந்து ஒரு குருசுக்குச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து காணாமல் போனவருடைய மனைவி வந்தா. முப்பது வயது இருக்கும். கடலுக்குப் போன அன்று விடிய புருசனோடு சண்டையாம். தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கோபத்தோடு போனாராம். பாசுக்காத் திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லையாம். "சாவான பாவத்தோட போயிட்டாரோ அண்ணே?" என்று என்னைக் கேட்டா.

என் பிள்ளைக்கே பதில் தெரியாதவன் நான். கடவுள் அன்பானவர், அப்படியெல்லாம் விடமாட்டார் என்று எல்லாரும் சொல்லுவதையே நானும் சொன்னேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. இறந்த திகதி என்ன போடட்டும் என்று பேச்சை மாற்றினேன். அவ எழும்பி, பலகையை ஒரு தரம் தடவிப் பார்த்தா. "எங்க இருக்காரெண்டே தெரியாத ஆளுக்கு நீங்க எந்த இடத்துல குருசு நடுவீங்க?"

நம்பலாம்

இனி என் கதை. புத்தளம் ஆசுபத்திரியில் பிள்ளை தங்காது என்று நர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னபோது என் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதிலேயே மறைக்கல்வியில் படித்திருந்தேன். வசனமும் பாடம். ஆனால் நான் பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று வருடம். இந்தக் கை ஊற்றினால் செல்லுமா என்று பயந்து, பக்கத்துக் கோயிலில் பூசை வைக்கிற சுவாமியைத் தேடி ஓடினேன். சுவாமி இல்லை. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போத்தல் மட்டும் கையில் அப்படியே இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, விக்டோரியாவிடமும்.

போன வருடம் ஒரு படகை ஜெபம் சொல்லி மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று மெதுவாகத் தொடங்கினேன். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது, மோட்சத்தில் இருப்பதாக நம்பலாம் என்றார். நம்பலாம்! கற்பிட்டி பஸ் வருமா என்று கேட்டாலும் இதைத்தானே சொல்லுகிறார்கள். நிச்சயமாகச் சொல்ல ஏலாதா சுவாமி என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெரிந்த ஒருத்தர் யாரென்று விளங்கியிருக்க வேண்டும். "நிச்சயம் எண்டா நம்பிக்கை எதுக்கு மகன்?"

மூடி திறக்காத போத்தல்

இந்த வருடம் விக்டோரியா முந்தல் கடைக்குப் போய்க் கறுப்புப் பெயின்ட் ஒரு டப்பா தானே வாங்கி வந்துவிட்டாள். சேமக்காலையில் அதை என் முன்னால் வைத்தாள். இனிச் சொல்லச் சாட்டு ஒன்றும் இல்லை. நான் மணலில் குந்திவிட்டேன். போத்தல் கதை முழுவதையும் சொன்னேன். என் பயத்தால்தான் பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போனாள் என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் டப்பாவின் மூடியைக் கரண்டியால் நெம்பித் திறந்துகொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். "போத்தலோட வந்து நிண்டீங்க, மூடி திறபடவே இல்ல. அந்தத் தண்ணியத்தான் பிறகு நான் குடிச்சன்." பிரஷ்ஷை என் கையில் தந்தாள். "எட்டு வருசமா எல்லாம் தெரிஞ்ச நானே உங்களோட கோவிக்கல்ல. ஆண்டவர் போய்ப் பிள்ளையோட கோவிப்பாரா?"

அன்றைக்குப் பிள்ளையின் பேரை 'அனிற்றா' என்று எழுதியபோது கண் மங்கிப்போய் ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது. மேலே இருப்பவர் எழுத்துப் பிழை பார்க்கிற ஆள் இல்லை என்று நம்பலாம்.