பெரியம்மா சொன்ன பெயர்

என் பெரியப்பாவுக்கு ஒரு சாமியின் பெயர். அது எந்தச் சாமி என்று இங்கே எழுதப்போவதில்லை. நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய பெரியம்மாவே வாய்விட்டுச் சொல்லாத பெயரை நான் போட்டு உடைப்பது நன்றாக இருக்காது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். மற்றவர்களாவது அவசர ஆத்திரத்துக்குச் சொல்லித் தொலைப்பார்கள். பெரியம்மா இந்த விஷயத்தில் ரொம்பக் கெட்டி. அந்தச் சாமியின் கோயிலை "மேற்காலக் கோயில்" என்பாள். அதே பெயர் வைத்திருந்த பாவத்துக்காக மளிகைக் கடைக்காரர் அவளுக்கு "கடைக்காரவுக" மட்டும்தான். வாக்காளர் கணக்கெடுக்க வரும் வாத்தியார், அவள் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் வீட்டைப் பார்த்து என்னைக் கூப்பிடுவாள். நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவேன். அந்த வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எங்கள் ஊர் ராமநாதபுரத்துக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில், மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலங்கரி மூட்டம் என்று பிழைக்கிற ஊர். தொண்ணூறுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, பெரியம்மாவின் நடத்தையில் பிசகு தெரிந்தது. களத்தில் காயப்போட்ட மிளகாயை உச்சிவெயிலில் அள்ளிக் குவித்துவிட்டு, பொழுது அடைந்தபிறகு பரப்பினாள். முதலில் எல்லோரும் சிரித்தோம், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள் குடத்தோடு பக்கத்து ஊர் ரோட்டில் நின்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா அடுப்படிக்குள் போனார். குழம்பு வைத்தார், சேலை துவைத்தார், பெரியம்மாவுக்குத் தலை சீவிக் கொண்டை போட்டார். கொண்டை எப்போதும் இடது காதுப் பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவர் அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கண்டுகொண்டவர்கள் பெரியம்மாவின் அண்ணன்மார்தான். இரண்டு பேரும் வந்து முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து, இது சீக்கு இல்லை, யாரோ செய்துவைத்த காரியம், எங்கள் ஊருக்குக் கூட்டிப்போய் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் காட்டுகிறோம், அங்கேயே இருக்கட்டும், ஆம்பிளை ஒருத்தர் சேலை துவைத்துப் போடுவது எங்களுக்குத்தான் கேவலம் என்றார்கள். பெரியப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைய அவளுக்குத் தெரியிற மட்டும் இங்கனதான் இருப்பா."

இதற்கிடையில் ராமநாதபுரத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது என்று எங்கள் ஊர்க் கம்பவுண்டர் சொன்னார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். இப்படி மறதி வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடிப் பேசுவார்கள். பெரியப்பா பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அவளைக் கக்கூசுக்கு அழைத்துப்போக ஒரு பொம்பளைத் துணை வேண்டும் என்றார்கள். அந்தப் பொம்பளை நான். மூத்த அண்ணன்காரரும் வேவு பார்க்கிற மாதிரி கூடவே வந்தார்.

நான் நினைத்த மாதிரி அது ஆஸ்பத்திரியாக இல்லை. மூன்றாம் வகுப்பு பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பெரியபட்டினத்திலிருந்து தன் தாயாரைக் கூட்டிவந்த பாய் ஒருவர், பாம்பனிலிருந்து மாமியாரோடு வந்த ஒரு கருவாட்டுக்கார அம்மா, இன்னும் சிலர். பாம்பன் அம்மா எனக்கு பிஸ்கட் கொடுத்தாள். தன்னையே போலீஸ் என்று நினைத்து மாமியார் கும்பிட்டதை அவள் சொல்ல, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பெரியப்பா சிரித்ததைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். டாக்டரம்மா இந்த நோய்க்கு அல்சைமர் என்று பெயர் சொன்னார். பெரியப்பா அந்தப் பெயரைக் கடைசிவரை உச்சரித்ததில்லை. "டாக்டரம்மா சொன்ன சீக்கு" என்பார்.

பெரியம்மாவை எதிரே உட்காரவைத்து டாக்டரம்மா கேள்வி கேட்டார். என்ன கிழமை, என்ன மாதம் என்பதற்கெல்லாம் பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவைக் காட்டி, இவர் யார், இவர் பேர் என்ன என்று கேட்டார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைக் கடித்தாள்.

"மறந்துபோச்சு பாருங்க" என்றார் அண்ணன்காரர்.

"மறக்கலை. சொல்ல மாட்டா" என்றார் பெரியப்பா.

"டாக்டரம்மா, எங்க பக்கமுந்தான் சொல்ல மாட்டோம். வேற என்னமும் கேளுங்க" என்றாள் பாம்பன் அம்மா. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, "எங்க அம்மாவும் சொன்னதில்லை, எனக்குத் தோணியிருக்கணும்" என்றார்.

அண்ணன்காரருக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் வைத்தே தீர்ப்புச் சொன்னார். "மாப்ளே, இந்தச் சித்திரை முடியிறதுக்குள்ள அவ வாயால உங்க பேரைச் சொல்லட்டும். சொன்னா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லைன்னா நாங்க கூட்டிட்டுப் போறோம்."

அன்றிலிருந்து பெரியப்பா கெஞ்ச ஆரம்பித்தார். களத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும்போது பக்கத்தில் போய் உட்காருவார். "ஒரே ஒரு தடவ சொல்லு தாயி, உங்க அண்ணனுக்காகச் சொல்லு" என்பார். பெரியம்மாவுக்கு வெட்கம் பொங்கிவிடும். அவர் கையில் பட்டென்று ஒரு அடி போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு விளங்காத விஷயம் என்னவென்றால், காரியம் கெட்டுப்போகிறதே என்று அவர் வருத்தப்பட வேண்டும், அவரோ ஒவ்வொரு தடவையும் முகமெல்லாம் மலர்ந்து எழுந்து போனார். சித்திரை பாதி கழிந்துவிட்டது. பெரியம்மாவைக் கூட்டிப்போய்விடுவார்களே என்று பயந்து, அவள் எப்படியாவது பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று நான்தான் சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

நான் வேண்டியது ஒரு காலைப்பொழுதில் நடந்தது. பெரியப்பா களத்தில் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். வேப்ப நிழலில் நானும் பெரியம்மாவும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நாற்பது வருஷமாகச் சொல்லாத அந்தப் பெயரை, ஒரு எழுத்துப் பிசகாமல், தெருவே கேட்கும்படி, முன்னால் ஒரு "ஏலே" போட்டுச் சொன்னாள்.

"ஆடு வெள்ளாமைக்குள்ள போகுது பாருலே. எங்க ஆத்தா வையப் போகுது. பத்திவிட்டுட்டு வாலே, வீட்டுக்குப் போவோம்."

பெரியப்பா சின்ன வயதில் தன் அத்தை வீட்டில் தங்கி ஆடு மேய்த்தவர். அந்த அத்தை மகள்தான் பெரியம்மா. கணக்குப் பார்த்தால் பெரியம்மாதான் நாலைந்து மாதம் மூத்தவள் என்றும், கல்யாணத்தின்போது அதை அமுக்கிவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதெல்லாம் எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் காதில் விழுந்தது பெயர் மட்டும்தான். மடியிலிருந்த மிளகாயை உதறிவிட்டு எழுந்து ஓடினேன். முதலில் என்னைப் பெற்ற அய்யாவிடம் சொன்னேன், பிறகு தெரு முழுக்க. பெரியம்மா பெயரைச் சொல்லிவிட்டாள், சீக்கு தீர்ந்துவிட்டது. கேட்டவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது பெரியப்பா ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, கொல்லை ஓரமாக "இம்பா, இம்பா" என்று ஆடு விரட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா பின்னால் நின்று, அந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு என்று கை நீட்டிக்கொண்டிருந்தாள். அங்கே எந்த ஆட்டையும் காணோம். சந்தோஷத்தில் இருவரும் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, நானும் கொஞ்ச நேரம் கூட விரட்டினேன்.

மறுநாளே அண்ணன்மார் சீனிமிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். பெயரைச் சொல்வது முறையில்லைதான், இருந்தாலும் கோளாறு விட்டதே, அதுவே போதும் என்றார்கள். எப்படிச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவும் சொல்லவில்லை. மிட்டாயை வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தனக்கென்று எடுக்காமல் காலித் தாளை மடித்துக்கொண்டிருந்தார். கூட்டிப்போகிற பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பெஞ்சில் உட்காரும் முன்பே நான் அறிவித்துவிட்டேன்.

"எங்க பெரியம்மா பெரியப்பா பேரைச் சொல்லிட்டாக."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. டாக்டரம்மா மெதுவாக, எப்படிச் சொன்னாங்க என்று கேட்டார். பெரியப்பா, அண்ணன்மாரிடம் சொல்லாததை அங்கே சொன்னார். ஏலே என்று கூப்பிட்டதை, ஆட்டை, ஆத்தா வைவாள் என்றதை. பெரியபட்டினத்துப் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் வீட்டு ஆட்களுக்கு இன்னும் சரியாகவில்லை, அந்த வயிற்றெரிச்சல்தான் இவர்களுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

பாம்பன் அம்மா மாமியாரை விட்டுவிட்டு எழுந்து வந்து பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இப்ப அவுகளுக்கு என்ன வயசு நடக்குது?"

"எட்டு ஒம்பது இருக்கும்" என்றார் பெரியப்பா.

"உங்களுக்கு?"

"எனக்கும் அம்புட்டுத்தான்."

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா, நான் பார்க்க முதல்முறையாக, வாய்விட்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரியம்மாவுக்கு அறுபது ஆகப்போகிறது என்று எனக்கே தெரியும். கட்டிய புருஷனுக்குத் தெரியவில்லை என்றால் அந்தச் சீக்கு அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றுதானே அர்த்தம். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், தூங்கிக்கொண்டிருந்த பெரியம்மாவைத் தாண்டி எட்டி, அவளுடைய சரியான வயதை அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். திருப்பிச் சொல்லுங்க என்றேன். சொன்னார். உங்க வயசையும் சொல்லுங்க என்றேன். அதையும் சொன்னார். ஊர் வந்து இறங்குகிறவரை நான் விடவில்லை. அவரும் ஒவ்வொரு தடவையும், "சரித்தா, இனிமே மறக்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டே வந்தார்.