மூன்றாவது இறப்பு

பத்திரிகை அலுவலகத்தில் அவரைத் தேதிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘வரலாற்றில் இன்று’ பத்தியை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் எழுதிவந்தார். மூன்று பிறப்பு, மூன்று இறப்பு, ஒரு சம்பவம். ஒன்று குறைந்தாலும் பல் விழுந்த வாய் மாதிரி பக்கத்தில் ஓட்டை தெரியும்.

மார்ச் மாதத்தில் ஒரு தேதி மட்டும் அவர் உயிரை வாங்கியது. எத்தனை புத்தகம் புரட்டினாலும் சொல்லிக்கொள்ளும்படி இரண்டு பேர்தான் அன்று இறந்திருந்தார்கள். வருடாவருடம் ஏதோ ஒரு படத்தைப் போட்டு ஓட்டையை அடைப்பார்.

“இந்தத் தேதியில ஒருத்தனும் சாக மாட்டேங்கறான்” என்று சாப்பாட்டுத் தட்டின் முன் சிடுசிடுப்பார்.

“அப்போ என்னைப் போட்டுக்குங்க” என்று மனைவி சிரிப்பாள்.

போன வருடம் அதே தேதியில், துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த வருடம், பக்கம் வடிவமைக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் துள்ளிக்கொண்டு வந்தாள்.

“சார், மூணாவது ஆள் கிடைச்சாச்சு! யாரோ வானியல் அறிஞராம், பழைய கலைக்களஞ்சியத்துல இருந்தாரு.”

நீட்டிய தாளை அவர் வாங்கவே இல்லை.

“எப்பவும் போல படமே போட்டுடும்மா” என்றார். “அந்த இடத்துக்கு ஆள் வந்தாச்சு.”